செடிகளுக்கு இரவில் விளக்கேற்றிய சீமன்ஸ்

தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், குப்பி விளக்கில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க அம்மா நேரத்தோடேயே விளக்கை அணைத்துவிடுவார். அப்படி வளர்ந்த எனக்கு, விடிய விடியச் செடிகளுக்கு விளக்கு எரித்த ஒருவரின் கதை முதலில் பணக்கார விளையாட்டாகவே பட்டது. தேடி வாசித்தபோதுதான், எதையும் வீணாக்கப் பொறுக்காத மனிதர் அவர் என்று தெரிந்தது.

வில்லியம் சீமன்ஸ் 1823இல் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அருகே, குத்தகை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 17 வயது நிறையுமுன் தாயும் தந்தையும் இறந்துபோனார்கள். அண்ணன் வெர்னர்தான் தம்பிமாரைத் தாங்கினார். 1843இல், அண்ணனின் உலோக முலாம் பூசும் முறையை விற்பதற்காக இலண்டன் போன வில்லியம், பிறகு அந்த நாட்டவராகவே ஆனார். உலைகளில் வீணாகப் போகும் சூட்டை மீண்டும் அதே உலைக்குப் பயன்படுத்தும் முறை அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

1880இல் டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகிலிருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் மின்விளக்கை வைத்துச் சோதனை செய்தார். பகலில் தண்ணீர் இறைத்த நீராவி இயந்திரமே இரவில் மின்சாரம் தந்தது. அதன் கழிவுச் சூடு கண்ணாடி வீடுகளைக் கதகதப்பாக வைத்தது.

கடுகு, கரட், போஞ்சி போன்றவற்றை நான்கு தொகுதிகளாகப் பிரித்தார். இருட்டில் வைத்தவை மஞ்சளாகி மெலிந்து செத்தன. மின்விளக்கு மட்டும் கிடைத்தவை இளம்பச்சை இலையோடு உயிர்தப்பின. பகல் வெளிச்சம் கண்டவை இன்னும் செழித்தன. பகலில் சூரியனும் இரவில் விளக்கும் பெற்றவை கரும்பச்சையாக எல்லாவற்றையும் முந்தின.

மறைப்பில்லாத விளக்கின் அருகே இலைகள் கருகின. இடையில் சாதாரணக் கண்ணாடி ஒன்றை வைத்ததும் அவை தப்பின. கருக்கிய புறஊதாக் கதிர்களைக் கண்ணாடி தடுத்தது. அடுத்த குளிர்காலத்தில், ஒக்டோபர் கடைசியில் விதைத்த பட்டாணி பெப்ரவரியில் முற்றியது. மார்ச்சில் பழுத்த திராட்சைக்குச் சுவை வழமையைவிடத் தூக்கலாக இருந்தது.

1883இல் சேர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில், 60 வயதில் காலமானார்.

இன்று உள்ளகப் பண்ணைகளில் எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன. நீல ஒளியும் சிறிதளவு புறஊதாவும் பட்டால் சிவப்பு லெட்டியூஸ் இலையில் அந்தோசயனின் நிறமி கூடுகிறது. அளவு மிஞ்சினால் அதே கதிர் இலையைக் கருக்கும்.

குப்பி விளக்கில் படித்த எனக்கு, அந்த நான்கில் இரண்டாவது தொகுதிதான் மனதில் நிற்கிறது. சூரியனையே காணாமல், கிடைத்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு உயிர்தப்பிய செடிகள் அவை.