இலியா மெச்னிகாவ்

காலில் ஒரு முள் தைத்து உள்ளேயே தங்கிவிடின், ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கொள்வதை அறியாதார் இலர். அச்சீழைப் பூதக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கின், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் திரள் திரளாகக் கூடியிருப்பதைக் காணலாம். அவ்வணுக்களுக்குள் கிருமிகள் கிடப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்தியர்களும் கண்டனர். ஆயினும், வெள்ளணுக்களே கிருமிகளைச் சுமந்து சென்று தேகமெங்கும் பரப்புகின்றன என்று அவருட் பலர் எண்ணியிருந்தனர். காவலனைக் கள்வன் எனக் கொண்ட இவ்வெண்ணத்தை மாற்றியவர் வைத்தியர் அல்லர்; கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்துவந்த பிராணி சாஸ்திரியாகிய மெச்னிகாவே அவர்.

இவர் 1845-ம் வருஷம், அக்காலத்தில் ருஷ்ய சாம்ராஜ்யத்திலும் இன்று உக்ரைன் நாட்டிலும் அடங்கிய கார்கோவ் நகரத்தை அடுத்த ஒரு கிராமத்திற் பிறந்தார். கார்கோவ் சர்வகலாசாலையில் நான்கு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்து, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஆராய்ச்சி செய்து, 1870-ல் ஒடெஸா சர்வகலாசாலையிற் பேராசிரியரானார்.

கல்வியில் இத்துணை விரைந்து உயர்ந்தவருக்கு இல்வாழ்க்கை அவ்வாறு அமையவில்லை. 1869-ல் அவர் மணந்த லுத்மீலா என்னும் பெண்மணி க்ஷயரோகத்தால் மெலிந்திருந்தமையால், மணநாளன்று நாற்காலியில் வைத்தே ஆலயத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டார். நான்கு ஆண்டுகள் மருந்தும் இடமாற்றமுமாகக் கழிந்தன. 1873-ல் மதீராத் தீவில் அவ்வம்மையார் உயிர் நீத்தார். மெச்னிகாவ் மனமுடைந்து தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார். அதன்பின் ஜினீவா நகரில் ஒரு பாலத்தின்மீது விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைக் கண்டு, சில மணி நேரமே வாழும் இவற்றுக்கு இயற்கைத் தேர்வு எவ்வாறு பொருந்தும் என்று சிந்திக்கலானார். அச்சிந்தனையே அவரை மீண்டும் வாழ்வின்பாற் திருப்பிற்று. 1875-ல் ஓல்கா என்னும் நங்கையை மணந்தார். அவரும் கடுஞ்சுரத்தால் வருந்தி எழுந்த பின்னர், 1881-ல் இரண்டாம் முறையும் சாவை நாடினார் மெச்னிகாவ், அப்போதும் பிழைத்தார். இவர் தெய்வ நம்பிக்கை அற்றவர். அதில் நாம் அவரோடு உடன்படோம். எனினும் இவர் பட்ட துயரத்தின்முன் தர்க்கம் செய்ய நமக்கு மனம் எழவில்லை.

சர்வகலாசாலையில் நிகழ்ந்த குழப்பங்களால் 1882-ல் பதவியைத் துறந்து, குடும்பத்தோடு சிசிலித் தீவிலுள்ள மெஸ்ஸீனாவை அடைந்தார். ஒருநாள் வீட்டார் யாவரும் ஸர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கச் சென்றிருந்தனர். அவர் தனித்திருந்து, நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளங்குஞ்சினுள் ஊர்ந்து திரியும் அணுக்களை நோக்கிக்கொண்டிருந்தார். இவ்வணுக்கள் வெளியிலிருந்து புகும் பகையை எதிர்ப்பன ஆகலாமோ என்ற எண்ணம் அப்போது சட்டென உதித்தது. அங்ஙனமாயின், உள்ளே ஒரு முள்ளைச் செலுத்தினால் அவை அதைச் சூழ்ந்துகொள்ளுதல் வேண்டும். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முட்களைப் பறித்து அக்குஞ்சின் தோலினடியிற் செலுத்திவிட்டு, அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தார். விடியற்காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அச்சிற்றுயிருக்கு இரத்தக் குழாய்கள் இல்லை என்பதை மாணவர் கருதல் வேண்டும். வீக்கம் என்பது குழாய்களின் கோளாறு அன்று, அணுக்களின் போரே என்பது அதனால் விளங்கிற்று. கிரேக்க மொழியினின்று இவற்றுக்குப் பாகோஸைட், அதாவது விழுங்கும் அணு, என்ற பெயர் இடப்பட்டது.

1884-ல் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சியின் உடலிலும் இதனையே கண்டார். ஊசிபோன்ற காளான் விதைகளை அணுக்கள் விழுங்கினால் பூச்சி பிழைத்தது. விழுங்க முடியாதபோது மடிந்தது.

1888-ல் பாரிஸில் பாஸ்டர் தம் நிலையத்தில் இடமளித்தார். எதிர்ப்போ ஜெர்மனியிலிருந்து எழுந்தது. நோயைத் தடுப்பது இரத்த நீரிற் கரைந்துள்ள பொருள்களே என்று அந்நாட்டார் வாதித்தனர். 1890-ல் பெஹ்ரிங்கும் கிடஸாடோவும் விஷமுறிவைக் கண்டறிந்தமை அவர்தம் கட்சிக்குப் பெரும் பலமாயிற்று. 1894-ல் ஃபைஃபர், காலராக் கிருமிகள் அணுக்களின் உதவியின்றியே கரைவதைக் காட்டியபோது மெச்னிகாவ் மிகவும் கலங்கினார். அந்நிகழ்ச்சியின் காரணத்தை விளக்கியவர் அவருடைய ஆராய்ச்சிசாலையிலேயே பணிபுரிந்த போர்டே என்னும் இளைஞர்! விளக்கமோ பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கே துணையாயிற்று. 1908-ல் நோபெல் பரிசு மெச்னிகாவுக்கும் இரத்த நீர்க் கட்சியின் தலைவராகிய எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியும் இருவர் கூற்றிலும் உண்மையுண்டு என்றே கண்டது.

தலைப்பிரட்டையின் வால் மறைகையில் விழுங்கும் அணுக்கள் அதன் சொந்தத் தசையையே உண்பதாக மெச்னிகாவ் கண்டிருந்தார். முதுமையில் மூளையையும் மயிரின் நிறத்தையும் அவை தின்றுவிடுவதாகவும் கருதினார். பிற்கூறியது மிகைப்பட்ட கூற்றே. ஆயினும் அதனுள் மெய்யான வினா ஒன்று உண்டு: காவலன் தன்வீட்டாரை எவ்வாறு அடையாளம் காண்கிறான்? இதற்கு ஒரு விடை, 1975-ல் பெயரிடப்பட்ட இயற்கைக் கொல்லணுக்களிடமிருந்து கிடைத்தது. இவை விழுங்குவதில்லை, நோயுற்ற அணுவைத் துளைத்துக் கொல்கின்றன. நலமுள்ள நம் அணுக்கள் தம்மேல் ஓர் அடையாளப் பொருளைத் தாங்கி நிற்கும். கொல்லணுவின் மேலுள்ள ஏற்பிகளுட் சில அதனைத் தொட்டவுடன், கொல்லாதே என்று உள்ளே தடை செய்யும். வேறு சில ஏவிவிடும். வைரஸ் புகுந்த அணு அவ்வடையாளத்தை இழக்குமாயின் தடை நீங்குகின்றது. இவ்வேற்பிகளில் ஒரு பெருங்குடும்பத்தை ஆக்கும் ஜீன்கள் மனிதனது 19-ம் குரோமோஸோமிலும், அடையாளத்தை ஆக்குவன 6-ம் குரோமோஸோமிலும் உள்ளன. முன்னவற்றின் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின் ஒரே நோய் இருவரிடத்து இருவிதமாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகின்றது.

இவை ஒன்றும் மெச்னிகாவ் அறியார். குடற்கிருமிகளின் நஞ்சே முதுமையை விரைவிக்கிறது என்று நம்பி, பல்லாண்டுகள் புளித்த பாலை உண்டுவந்தார். 1916-ம் வருஷம் ஜூலை மாதம், 71-ம் வயதில், இருதய நோயால் பாரிஸில் இறந்தார். இறக்குமுன் வைத்திய நண்பர் ஒருவரை அழைத்து, தம் உடலை அறுத்துச் சோதிக்கும்படியும் குடலைச் சிறப்பாகக் கவனிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அவரது சாம்பல் பாஸ்டர் நிலையத்தின் நூல்நிலையத்தில் வைக்கப்பட்டது.