சீட்டு எழுத மறந்த விஞ்ஞானி!

நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுத மறந்து, ஆசிரியரிடம் திட்டு வாங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானியும் அப்படித்தான் ஒரு முறை கோட்டை விட்டார். அவர்தான் சார்லஸ் டார்வின்!

இங்கிலாந்தில் உள்ள ஷ்ரூஸ்பரி என்ற ஊரில், 1809ம் ஆண்டு பிப்ரவரி 12ம் தேதி பிறந்தார் டார்வின். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை ராபர்ட், பெயர் பெற்ற மருத்துவர். மகனையும் மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவை சிகிச்சையில் நோயாளிகள் வலியால் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், படிப்பைப் பாதியிலேயே விட்டு விட்டார் டார்வின்.

பிறகு, பாதிரியார் ஆவதற்காக கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கே பாடத்தை விட வண்டு பிடிப்பதில்தான் ஆர்வம் அதிகம். ஒரு நாள், இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு வண்டு இருக்க, மூன்றாவதாக ஒரு புது வண்டு கண்ணில் பட்டது. கையில் இருந்த ஒன்றைச் சட்டென வாயில் போட்டுக் கொண்டார். அது காரமான திரவத்தைப் பீய்ச்ச, நாக்கு எரிய, துப்பி விட்டார். வாயில் இருந்ததும் போச்சு. மூன்றாவதும் தப்பி விட்டது!

இந்த ஆர்வமே அவரை, 'பீகிள்' என்ற கப்பலில் ஏற்றியது. 1831ம் ஆண்டு டிசம்பர் 27ம் தேதி புறப்பட்டபோது, அவருக்கு வயது 22. கடல் பயணம் ஒத்துக் கொள்ளாமல், வாந்தியால் அவதிப்பட்டபடியே உலகைச் சுற்றினார்.

1835ம் ஆண்டு செப்டம்பரில், கப்பல் காலபகஸ் தீவுகளை அடைந்தது. ஈக்வடார் நாட்டிலிருந்து, சுமார் 1,000 கி.மீ., தொலைவில், பசிபிக் கடலில் எரிமலைகளால் உருவான தீவுக் கூட்டம் இது. முதலில் இறங்கிய தீவில், எங்கு பார்த்தாலும் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அதன் நடுவே, 90 கிலோ எடையுள்ள ராட்சத ஆமை ஒன்று, நிதானமாகக் கள்ளிச்செடியைத் தின்று கொண்டிருந்தது.

அடுத்து, புளோரியானா என்ற சிறு தீவு. அங்கே இருநூறு, முந்நூறு பேர் மட்டுமே வசித்தனர். பெரும்பாலோர், ஈக்வடாரில் இருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். கடற்கரையில் இலையற்ற புதர்கள். மேலே ஏற ஏற ஈரக்காற்றும், பச்சைப் பசேலென்ற பெரணிச் செடிகளும், வாழைத் தோட்டங்களும்! மனிதர்களைக் கண்டு பறவைகள் பயப்படவே இல்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன், தண்ணீர் குடிக்க வந்த புறாக்களைக் கையில் இருந்த குச்சியாலேயே அடித்து, உணவுக்காகக் குவித்து வைத்திருந்தான்.

தீவின் துணை ஆளுநர் லாசன், டார்வினிடம் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னார். ஒவ்வொரு தீவின் ஆமையும் வேறு மாதிரி இருக்கும். பார்த்ததுமே எந்தத் தீவு ஆமை என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். டார்வின் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. பக்கத்து பக்கத்துத் தீவுகளில் வெவ்வேறு உயிரினங்கள் இருக்கும் என்று அவர் கற்பனை கூடச் செய்யவில்லை. சேகரித்த குருவிகளை, எந்தத் தீவில் பிடித்தது என்று சீட்டு எழுதாமலேயே ஒன்றாகக் கலந்து விட்டார். கப்பலில் உணவுக்காக ஏற்றிய ஆமைகளைத் தின்று விட்டு, ஓடுகளைக் கடலில் வீசி விட்டனர்!

1837ம் ஆண்டு, லண்டனில் ஜான் கோல்டு என்ற பறவை நிபுணர், அந்தக் குருவிகளை ஆராய்ந்தார். பல வகைப் பறவைகள் என டார்வின் நினைத்தவை எல்லாம், ஒரே கூட்டத்தைச் சேர்ந்த பிஞ்ச் குருவிகள். அலகு மட்டும் விதவிதமாக இருந்தது. எது எந்தத் தீவைச் சேர்ந்தது? டார்வினிடம் பதில் இல்லை.

அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. கேப்டன் பிட்ஸ்ராயும், தன் உதவியாளரும் சீட்டு எழுதி வைத்திருந்த பறவைகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டார். தீவுகளைக் கலந்து விட்டதைத் தன் பயண நூலிலும் வெளிப்படையாக எழுதினார்.

அதன் பின், எதையும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சான்றுகளைச் சேர்த்தார். உயிரினங்கள் சூழலுக்கு ஏற்ப, தலைமுறை தலைமுறையாக மாறி வந்தன என்பதை விளக்கி, 1859ம் ஆண்டு, 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலை வெளியிட்டார். 1882ம் ஆண்டு ஏப்ரல் 19ம் தேதி மறைந்தார்.

புளோரியானாவுக்கே உரிய ஆமை இனம், டார்வின் வந்து போன சில ஆண்டுகளிலேயே அந்தத் தீவிலிருந்து மறைந்து போனது. வீசி எறிந்த ஓடுகளும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே, குட்டீஸ்... ஒரு சிப்பியோ, இறகோ கிடைத்தால், எங்கே, எப்போது கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தவறிப் போனால், டார்வினைப் போலவே தயங்காமல் ஒப்புக் கொண்டு, சரி செய்யுங்கள்!