உள்ளங்கையில் கற்ற மொழி

ஆங்கிலம் பயிலும் நம்மில் பலருக்கு ஒரு விந்தையான நிலை வாய்த்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகத்தைப் பற்றித் தேர்வுத்தாளில் ஐந்து பக்கம் எழுதிவிடுகிறோம். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரிடம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேச நேர்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. 'ஸாரி' என்ற சொல்லை நாளைக்கு இருபது முறை சொல்கிறோம். மிதிவண்டி உரசினால் ஸாரி. வகுப்புக்குப் பிந்தினால் ஸாரி. தந்தையை இழந்துவிட்டு வந்து நிற்கும் நண்பனிடம் மட்டும் அச்சொல்லைச் சொல்ல வாய் எழுவதில்லை. நம் துயரம் அதில் இன்னும் குடியேறவில்லை போலும்!

ஒரு சொல்லுக்குள் உணர்ச்சி எப்போது குடியேறுகிறது? இக்கேள்வி எழும்போதெல்லாம் நான் ஹெலன் கெல்லர் அம்மையாரின் வரலாற்றை எடுத்துப் படிப்பேன். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தும், ஆங்கிலத்தை ஓர் அயல்மொழியைப் போல ஒவ்வொரு சொல்லாகக் கையேந்திப் பெற்றவர் அவர். அவரது அரிய சாதனைகளை நாமெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். ஆகவே, அவர் சொற்களைப் பெற்ற கதையை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் ஹெலன் பிறந்தார். தந்தை ஆர்தர் கெல்லர் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படையில் கேப்டனாக இருந்து, பின்பு செய்தித்தாள் நடத்தியவர். பத்தொன்பதாம் மாதத்தில் குழந்தையைக் கடுங்காய்ச்சல் பற்றியது. உயிர் தங்காது என்றே மருத்துவர் எண்ணினார். உயிர் தங்கியது, கண்ணும் காதும் போயின. மழலையாகக் கற்றிருந்த சொற்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தண்ணீரைக் குறிக்கும் ஓர் உடைந்த ஒலி மட்டும் சில காலம் நாவில் எஞ்சியிருந்தது.

அதன்பின் சைகையே மொழி. இழுத்தால் வா, தள்ளினால் போ. ரொட்டி வேண்டுமானால் அறுத்து வெண்ணெய் தடவுவதுபோல் காட்டுவாள். ஐஸ்கிரீம் வேண்டுமானால் எந்திரத்தைச் சுற்றுவதுபோல் காட்டி உடம்பை நடுக்குவாள். பசிக்கும் தாகத்துக்கும் இவை போதும். மனத்துக்கு? மற்றவர்கள் வாயை அசைத்துப் பேசுகிறார்கள் என்பதைத் தொட்டு அறிந்த சிறுமி, தானும் உதடுகளை அசைத்துப் பார்த்தாள். பயன் இல்லை. அப்போது வரும் வெறியில் காலால் உதைத்து, களைத்து விழும் வரை கத்துவாள். தாயைச் சரக்கறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கதவைத் தட்டும் அதிர்வைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடி உணர்ந்து சிரித்ததும் உண்டு. தன் பொம்மையின் தொட்டிலில் தங்கை மில்ட்ரெட் உறங்குவதைக் கண்டு தொட்டிலையே கவிழ்த்தாள். நல்லவேளை, தாய் பாய்ந்து பிடித்துக்கொண்டார். அன்று தம்மை ஆட்டிவைத்தது பொறாமை என்று அம்மையார் பின்னாளில் எழுதினார். அன்றைக்கோ அதற்குப் பெயர் கிடையாது. பெயரில்லாத நெருப்பு மட்டும் உள்ளே எரிந்தது.

1886இல் தந்தை மகளை அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம் அழைத்துச் சென்றார். தொலைபேசி கண்ட அவர் காது கேளாதோருக்கு ஆசிரியரும் ஆவார். அவர் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னார். அங்கிருந்து 1887 மார்ச் 3ஆம் நாள் வந்து சேர்ந்தவரே ஆன் சலிவன். வயது இருபது. பத்து வயது நிரம்பும் முன்பே தம்பியோடு ஏழையர் விடுதியில் தள்ளப்பட்டு, அங்கேயே தம்பியைப் பறிகொடுத்தவர்; கண் நோயால் பார்வை மங்கி, அறுவைச் சிகிச்சைகளால் ஓரளவு மீண்டவர். துயரத்தின் அகராதியை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வந்ததும் ஆன் ஒரு பொம்மையைக் கொடுத்து, அதன் பெயரைச் சிறுமியின் உள்ளங்கையில் விரலால் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் காட்டினார். சிறுமி குரங்குபோல் அப்படியே திருப்பிச் செய்தாள். பொருள் விளங்கவில்லை. நாம் உருப்போடுவது போலத்தான்! ஏப்ரல் 5ஆம் நாள் காலையில் குவளைக்கும் நீருக்கும் வேறுபாடு புரியாமல் பாடம் இழுபறியாயிற்று. சலிப்புற்ற சிறுமி புதுப் பொம்மையைத் தரையில் அடித்து நொறுக்கினாள். காலடியில் துண்டுகள் தட்டுப்பட்டபோது ஒரு மகிழ்ச்சி. வருத்தம் சிறிதும் இல்லை.

பிறகு நடந்ததை உலகே அறியும். அடிபம்பின் கீழே ஒரு கை. அதில் குளிர்ந்த நீர் பாய்கிறது. மறு கையில் ஆசிரியையின் விரல்கள் நீரின் பெயரை முதலில் மெல்லவும் பின்பு விரைவாகவும் எழுதுகின்றன. சிறுமி அசைவற்று நிற்கிறாள். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்பது விளங்கிவிடுகிறது. நாடகமும் 1962இல் வந்த திரைப்படமும் இந்தக் காட்சியைப் புகழ் உச்சியில் ஏற்றிவிட்டன.

என் மனம் அதற்கு அடுத்த காட்சியில்தான் நிற்கிறது. வீட்டுக்குள் திரும்பியதும் ஹெலன் கணப்படுப்பருகே தட்டித் தடவிச் சென்று, உடைந்த பொம்மைத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைக்க முயன்றாள். முடியவில்லை. கண்ணில் நீர் நிறைந்தது. தாம் செய்தது இன்னதென்று உணர்ந்து வாழ்நாளில் முதன்முறையாக வருந்தியது அப்போதுதான் என்று அம்மையாரே குறித்திருக்கிறார். காலையில் அதே துண்டுகள், அதே கை. இடையில் வந்தது மொழி ஒன்றே. வருத்தம் என்ற சொல்லை அவளுக்கு அன்று யாரும் கற்பிக்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். பொருளுக்குப் பெயர் வந்ததும் பொம்மை அவளுக்கு உரியதாயிற்று. உரியது உடைந்ததும் துயரம் தானே வந்தது.

அடுத்து ஆன் செய்தது ஆசிரியர்கள் கவனிக்கத் தக்கது. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று, பதினைந்து மாதம் ஆனது, அவ்வீட்டுக்கு வரும். பேச வராத அக்குழந்தை, பெரியவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்வதை ஆன் கண்டார். உடனே பாட நேரத்தையும் சொற்பட்டியலையும் மூட்டை கட்டினார். குழந்தையின் காதில் பேசுவதுபோல் ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகவே பேசுவது என்று முடிவு செய்தார். தெரியாத சொல் வந்தாலும் நிறுத்தவில்லை. பொருளைச் சூழ்நிலை உணர்த்தும் என்று விட்டார். (நமக்கோ இலக்கணம் முதலில், மொழிபெயர்ப்பு பிறகு, பேச்சு கடைசியில்; அதுவும் பருவத் தேர்வுக்கு முன் நாள் மிஞ்சினால்.) எழுத்துப் புடைத்த அட்டைகள் கொண்டு விளையாட்டும் நடந்தது. சிறுமி என்ற சொல்லைத் தன் மேலங்கியில் குத்திக்கொண்டு ஹெலன் துணி அலமாரிக்குள் போய் நிற்பாள். மற்றச் சொற்களை அலமாரித் தட்டில் அடுக்குவாள். சிறுமி அலமாரியில் இருக்கிறாள் என்ற வாக்கியத்தை அவள் எழுதவில்லை; அதற்குள் ஏறியே நின்றாள்! அவ்வாண்டு ஆகஸ்ட் முடிவில் 625 சொற்கள் அவள் வசமாயின.

உணர்ச்சிச் சொற்கள் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. ஒரு நாள் தோட்டத்தில் பறித்த வயலட் மலர்களை ஆசிரியையிடம் கொடுத்தாள். ஆன் அவளை அணைத்து, உன்னிடம் எனக்கு அன்பு என்று கையில் எழுதினார். அன்பு என்றால் என்ன என்று ஹெலன் கேட்டாள். மலரின் மணமா? இல்லை. உடலைச் சுடும் வெயிலா? அதுவும் இல்லை. தொட்டுக்காட்ட முடியாத ஒன்றுக்குப் பெயர் இருப்பது அவளுக்குப் பெரும் புதிராயிற்று. ஓரிரு நாள் கழித்து மணி கோக்கும்போது வரிசை தவறிற்று. எப்படிக் கோப்பது என்று ஹெலன் முயன்றுகொண்டிருக்கையில், ஆன் அவள் நெற்றியைத் தொட்டு 'திங்க்' என்று எழுதினார். தலைக்குள் நடந்துகொண்டிருந்த வேலையின் பெயர் அது என்று மின்னல்போல் புரிந்தது. தொட முடியாததற்கும் பெயர் உண்டு! மீண்டும் அன்பைப் பற்றிக் கேட்டாள். மேகத்தைத் தொட இயலாது, மழையை உணரலாம். அன்பும் அத்தகையதே என்று ஆன் விளக்கினார். நெஞ்சில் ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே அதன் பெயரைக் கையில் வைப்பதுதான் ஆனின் முறை.

இதைவிடக் கடினமாக இருந்தது எது தெரியுமா? சாதாரணப் பேச்சு! காது கேட்கும் குழந்தை வீட்டில் நாள் முழுதும் வீண்பேச்சு கேட்டே வளர்கிறது. என்ன சமையல், யார் வந்து போனார், ஏன் முகம் வாடியிருக்கிறது என்பன போன்ற பேச்சு மழையில் நனைந்தே மொழி ஊறுகிறது. அந்த மழை ஹெலனுக்கு இல்லை. ஆகவே ஆன் தம் காதில் விழுந்த எளிய பேச்சையெல்லாம் சொல்லுக்குச் சொல் அவள் கையில் எழுதினார். உரையாடலில் எப்படிக் கலந்துகொள்வது என்றும் காட்டினார். அப்படியும் தானாகப் பேச்சைத் தொடங்க ஹெலனுக்கு நெடுநாள் ஆயிற்று. தக்க சமயத்தில் தக்க சொல்லைச் சொல்ல இன்னும் நெடுநாள் ஆயிற்று. குரலின் ஏற்ற இறக்கம் கேட்காதவருக்கும், முகக்குறிப்புக் காணாதவருக்கும் பேச்சின் உயிரே தப்பிவிடுகிறது என்று அம்மையார் பின்னர் எழுதினார். அந்த உயிரைப் பிடிக்க அவர் விரல்களை எதிரில் இருப்பவர் முகத்தில் வைத்தார்: கட்டை விரல் தொண்டையில், சுட்டுவிரல் உதட்டில், நடுவிரல் மூக்கில். பிறர் சொல்லை மட்டுமன்றிச் சிரிப்பையும் அவர் இவ்வாறே கேட்டார்.

1890 மார்ச்சில், பாஸ்டனில் சாரா ஃபுல்லர் என்னும் ஆசிரியையிடம் வாய்ப்பேச்சுக்குப் பதினொரு பாடம் கேட்டார். ஹெலன் தம் வாயால் கூறிய முதல் முழு வாக்கியம் எது? தத்துவமன்று, இறைவணக்கமன்று, இன்று வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதே. வானிலையைப் பற்றிப் பேசுவதை நாம் வெறும் பேச்சு என்கிறோம். அந்த வெறும் பேச்சுக்கு அவர் பத்து வயது வரை காத்திருந்தார். எனினும், அவர் குரல் அறிமுகமற்றோருக்குத் தெளிவாக விளங்கியதே இல்லை. அக்குறை இறுதிவரை அவர் மனத்தில் இருந்தது.

கசப்பான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1891இல், பதினொரு வயதில், 'பனி அரசன்' என்ற கதையை எழுதி, பெர்க்கின்ஸ் தலைவர் அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். மார்கரெட் கான்பி என்பவர் முன்பே எழுதிய கதையை அது ஒத்திருந்தது பின்பு தெரிந்தது. 1888 கோடையில் யாரோ கையில் படித்துக் காட்டிய அக்கதை, நினைவின் அடியில் தங்கித் தம் கற்பனைபோல் மேலெழுந்திருந்தது. சிறுமியைத் தனியே நிறுத்தி ஒரு குழு விசாரித்தது. ஆசிரியை வெளியே அனுப்பப்பட்டார். குழந்தையை இப்படி வாட்டியது கொடுமை என்றே நான் சொல்வேன். அதன்பின் தாய்க்குக் கடிதம் எழுதும்போதுகூட, இந்தச் சொல் என்னுடையதா, எங்கோ படித்ததா என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொள்ளும். கடன் வாங்காத சொல் யாரிடம் இருக்கிறது? பின்னாளில் மார்க் ட்வெய்ன் இதை அறிந்து, விசாரித்தவர்களை எள்ளி அவருக்கே கடிதம் எழுதினார்.

1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். விரிவுரைகளை ஆன் கையில் எழுதிக் காட்டினார். நூல்கள், மேடைகள், உலகப் பயணங்கள் என்று வாழ்க்கை விரிந்தது. நிறத்தையும் ஒளியையும் பற்றி எழுதுகிறாரே, இவை வெற்றுச் சொற்கள்தாமே என்று 1933இல் தாமஸ் கட்ஸ்ஃபோர்த் குறை கூறினார். கட்ஸ்ஃபோர்த்தும் பார்வையற்றவர் என்பதால் அக்குறையை எளிதில் தள்ள முடியாது. ஆனால், பிறர் வாழும் மொழிக்குள் தாமும் வாழ ஒருவருக்கு உரிமை உண்டு என்பதே என் கட்சி.

1936 அக்டோபர் 20ஆம் நாள் ஆன் இறந்தார். நாற்பத்தொன்பது ஆண்டு தம்மோடு பேசிய கையைப் பற்றியபடி ஹெலன் அருகில் இருந்தார். 1955இல், 75ஐ நெருங்கும் வயதில், இந்தியாவுக்கு வந்து நேருவின் முகத்தை விரல்களால் தடவி அறிந்தார். 1968 ஜூன் 1ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில், ஆன் சலிவனின் சாம்பல் வைக்கப்பட்ட இடத்துக்கு அருகிலேயே அவருடையதும் வைக்கப்பட்டது.