கப்ரோனியின் கடைசி விமானம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ரைட் சகோதரர்களை அறியாதார் நம்மில் இல்லை. இத்தாலி நாட்டின் ஜானி கப்ரோனியை அறிந்தோர் சிலரே.

1886ஆம் ஆண்டு ஆர்க்கோ என்னும் ஊரின் அருகே பிறந்தார். அப்பகுதி அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. மூனிச்சில் கட்டடப் பொறியியலும், பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மின்பொறியியலும் கற்றார். விமானம் கட்டக் கற்றுத்தரும் வகுப்பு எதிலும் அவர் அமரவில்லை! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இயற்பியல் படித்து என்ன ஆகப்போகிறாய் என்று ஊரார் கேட்கும்போதெல்லாம் விழிக்கும் எனக்கு இந்தச் செய்தி தெம்பூட்டியது.

1910 மே 27இல் அவருடைய முதல் விமானம் மால்பென்சாவில் மேலெழுந்தது. ஓட்டியவர் விமானம் ஓட்டிப் பழக்கமே இல்லாத உகோ தபாக்கி. இறங்கும்போது விமானம் உடைந்தது. கப்ரோனி மீண்டும் கட்டினார்.

முதல் உலகப்போரில் அவர் பெயர் பரவியது. ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றவை தாங்கும்படி, மூன்று எஞ்சின்கள் கொண்ட குண்டுவீச்சு விமானங்களைச் செய்தார். 1915 ஆகஸ்டில் அவை ஆஸ்திரியப் படைகள் மீது பறந்தன. அவர் பிறந்த மண்ணோ அப்போது அந்த ஆஸ்திரியாவின் கையில்! பின்னாளில், 1935இல் தொடங்கிய எத்தியோப்பியப் போரிலும் அவருடைய விமானங்கள் குண்டு சுமந்தன. அவரைப் போற்றி எழுதுவோர் இதை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடன்று.

என்னை மிகவும் ஈர்த்தது 'கா.60'. நூறு பயணிகளை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டு செல்வதற்கென்றே ஒரு நீர்விமானம். ஒன்பது இறக்கைகள், எட்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 400 குதிரைத்திறன். படத்தில் பார்த்தால் மாடிவீடு ஒன்று தண்ணீரில் மிதப்பதுபோல் தோன்றும். முன் இறக்கைகள் கலைத்துவிட்ட காற்றிலேதான் பின் இறக்கைகள் தூக்குவிசை தேடவேண்டும் என்பது, பாய்ம இயக்கம் படித்த நமக்கு உறுத்தாமல் போகுமா? 1921 மார்ச் 4 அன்று மஜோரே ஏரியிலிருந்து எழும்பிய சிறிது நேரத்தில் அது நீரில் விழுந்து சிதைந்தது. ஓட்டியவர் உயிர் தப்பினார். மிஞ்சிய சில பாகங்கள் இன்று திரெந்தோ நகரின் கப்ரோனி அருங்காட்சியகத்தில் உள்ளன. 1927இல் கப்ரோனியும் அவர் மனைவி திமினாவும் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பழைய விமானத்தை விறகாகக் கருதிய காலத்தில் அதைப் போற்றிச் சேர்த்தவர்கள் அவர்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிறுவனம் தளர்ந்தது. 1949இல் 'கா.193' பறந்தது. சிலரை மட்டும் ஏற்றிச் செல்லும் சிறு விமானம். இரண்டு எஞ்சின்கள், முன்னிருந்து இழுக்காமல், இறக்கைக்குப் பின்னாலிருந்து தள்ளும் விசிறிகள். உள்ளிழுக்கும் சக்கரங்களும் உண்டு. நூறு பேருக்குக் கனவு கண்டவர் கைப்பிடி அளவு பயணிகளிடம் வந்து நின்றார். ஆனால் இதில் குண்டுக்கு இடமில்லை. எனக்கு இந்த விமானமே பிடித்திருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் கட்டினார்கள். 1950இல் நிறுவனம் நொடித்துப்போனது. கப்ரோனியின் பெயர் தாங்கி அந்நிறுவனத்திலிருந்து பறந்த கடைசி வடிவமைப்பு அதுவே.

கப்ரோனி 1957 அக்டோபரில் ரோம் நகரில் காலமானார்.