ஜவ்வாது மலைக்கும் அண்டார்டிகாவுக்கும் என்ன சம்பந்தம்? கண்டங்கள் நகரும் என்று சொன்ன வெகனரின் கதை

கலசப்பாக்கத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். அங்கே பரவலாக இருக்கும் கருஞ்சாம்பல் நிறப் பாறையின் பெயர் சார்னோக்கைட். சென்னையில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே வகைதான். வயது சுமார் 250 கோடி வருஷம். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை இது. மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போன பிறகு வெளியே வந்தது.

இதே வகைப் பாறை கிழக்கு அண்டார்டிகாவின் கடற்கரையிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன என்று இன்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஆனால், கண்டங்கள் நகர்கின்றன என்று 100 ஆண்டுகளுக்கு முன்பு அழுத்திச் சொன்னவரைப் பெரிய பெரிய விஞ்ஞானிகளே கேலி செய்தார்கள். அவர் ஆல்ஃபிரட் வெகனர். வேடிக்கை என்னன்னா, அவர் நிலவியல் படித்தவரே கிடையாது.

பலூனில் பறந்த வானிலை ஆய்வாளர்

1880 நவம்பர் 1 அன்று பெர்லினில் பிறந்தார் வெகனர். 1905இல் வானியலில் டாக்டர் பட்டம் வாங்கினாலும், மனசு போனது வானிலைப் பக்கம். 1906இல் அண்ணன் கர்ட்டுடன் சேர்ந்து பலூனில் 52 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து பறந்து உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு முதல்முறையாக கிரீன்லாந்துக்குப் போனார்.

உலக வரைபடத்தில் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஜிக்சா துண்டுகள் மாதிரி பொருந்துவதைப் பலரும் முன்பே கவனித்திருந்தார்கள். வெகனர் அதோடு நிற்காமல் ஆதாரம் தேடினார். 1912 ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் தன் கருத்தை முதலில் முன்வைத்தார். முதல் உலகப் போரில் இரண்டு முறை காயம்பட்டு ஓய்வில் இருந்தவர், 1915இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். எல்லாக் கண்டங்களும் ஒரு காலத்தில் பாஞ்சியா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதுதான் சாரம்.

ஒடிசாவில் பனிப்பாறையா?

அவருக்குக் கைகொடுத்த ஆதாரங்களில் இந்தியாவும் உண்டு. குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலச் செடியின் புதைபடிவம் நம் நிலக்கரி வயல்களில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது. அதன் விதை இத்தனை கடல்களைத் தாண்டிப் போயிருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்று, ஒடிசாவின் தால்சர். வெயில் கொளுத்தும் அந்த ஊரில், சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்ட கற்கள் இருக்கின்றன. அப்போ இந்தியா தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வானிலை படித்தவருக்கு இது சட்டென்று புரிந்தது.

சரி, ஏன் நம்பவில்லை?

இவ்வளவு பெரிய நிலத்தை எது தள்ளுகிறது? இந்தக் கேள்விக்கு வெகனரிடம் சரியான பதில் இல்லை. பூமியின் சுழற்சியும், நிலா, சூரியனின் ஈர்ப்பும் காரணம் என்றார். அந்த விசை துளியும் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறது என்று அவர் சொன்ன கணக்கும் தப்பு. எதிர்த்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் இல்லை. ஆனால், காரணம் தெரியவில்லை என்பதற்காக ஆதாரத்தையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். வெகனருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவே 1924 ஆகிவிட்டது, அதுவும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில்.

கடைசிப் பயணம்

1930இல் மீண்டும் கிரீன்லாந்து. கடற்கரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உள்ளே, பனிக்கு நடுவில் ஒரு வானிலை நிலையம் அமைத்தார்கள். அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்க வேண்டிய இருவருக்குப் போதுமான பொருட்கள் போய்ச் சேரவில்லை. குழுத் தலைவரான வெகனர் நாய் வண்டிகளோடு தானே கிளம்பினார். கூட வந்தவர்களில் பெரும்பாலோர் பாதியில் திரும்பிவிட்டார்கள். மைனஸ் 50 டிகிரிக்கும் கீழான குளிரைத் தாண்டி, அக்டோபர் 30 அன்று மூன்றே பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் லோவே என்பவரின் கால்விரல்கள் உறைந்துபோயிருந்தன. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

எல்லோருக்கும் போதுமான உணவு இல்லாததால், நவம்பர் 1 அன்று, தன் 50வது பிறந்தநாளில், வெகனர் கரையை நோக்கித் திரும்பினார். உடன் கிரீன்லாந்து இளைஞர் ராஸ்மஸ் வில்லும்சன். இருவரும் கரை சேரவில்லை. 1931 மே மாதம் வெகனரின் உடல் கிடைத்தது. மரியாதையாகப் புதைத்து, இடத்துக்கு அடையாளமும் வைத்திருந்தார் வில்லும்சன். அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது.

அப்புறம் என்ன ஆச்சு?

பதில் கடலடியில் இருந்தது. 1950களில் அட்லாண்டிக் கடலின் நடுவே நீளும் மலைத்தொடரை மேரி தார்ப் வரைபடமாக்கினார். அங்கே புதுத் தரை உருவாகி இரண்டு பக்கமும் விலகுவது 1960களில் உறுதியானது. கண்டங்கள் தனியாக மிதந்து போகவில்லை. கடல் தரையையும் சேர்த்து, பூமியின் மேலோடே பல தட்டுகளாக நகர்கிறது. பூமிக்குள் இருக்கும் வெப்பமும், கடல் தட்டுகள் கனத்து உள்ளே அமிழ்வதும்தான் அதற்குக் காரணம்.

அண்டார்டிகாவிலிருந்து சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த இந்தியா, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் மோதியது. அந்த மோதலில் எழுந்ததுதான் இமயமலை. ஜவ்வாது மலையையும் கலசப்பாக்கத்தையும் சுமந்துகொண்டு இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே போகிறது. கிட்டத்தட்ட நம் நகம் வளரும் வேகம். வெகனர் கிரீன்லாந்தில் அளக்க முயன்று தவறவிட்ட நகர்வை, இப்போது ஜிபிஎஸ் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறது.