கண் வைத்தியரின் கண்ணில் பட்டது

துப்பறியும் கதைப் புத்தகத்தோடு இருக்கும் உயர்தர மாணவிக்கு வீட்டில் நல்ல பெயர் கிடைப்பதில்லை. சோதனைக்கு அது உதவாது என்பதும் உண்மைதான். ஆனால் ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயிலின் வாழ்க்கையை வாசித்த பிறகு, அந்தப் புத்தகங்களை ஒளித்து வைத்து வாசிக்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

அவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் 1859 மே 22 இல் பிறந்து, 1930 ஜூலை 7 இல் மறைந்தவர். தந்தை குடிப்பழக்கத்தால் தொழிலை இழந்தார். அந்த வறுமையிலும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வளர்த்தவர் தாய்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கையில் ஜோசப் பெல் என்ற ஆசிரியர் அவருக்குக் கிடைத்தார். நோயாளி வாய் திறக்குமுன்பே அவருடைய நடை, கை, உடுப்பு ஆகியவற்றைப் பார்த்து என்ன தொழில் செய்பவர் என்று பெல் சொல்லிவிடுவாராம். ஹோம்ஸுக்கு முன்மாதிரி அவர்தான்.

1882 இல் சவுத்சீ என்ற ஊரில் டொயில் வைத்தியசாலை திறந்தார். நோயாளிகள் குறைவு, எழுத நேரம் தாராளம். முதலாவது ஹோம்ஸ் நாவல் 1887 இல் வெளிவந்தது. அதன் உரிமையை வெறும் 25 பவுணுக்கு விற்றிருந்தார். 1891 இல் வியன்னா சென்று கண் வைத்தியம் பயின்று, லண்டனில் கண் வைத்தியராக அமர்ந்தார். ஒரு நோயாளிகூட வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். அதே ஆண்டு ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் வந்த ஹோம்ஸ் கதைகள் அவரைப் பெரும் புகழுக்கு உயர்த்தின. வரலாற்று நாவல்களே தமது சிறந்த எழுத்து என்று நம்பிய அவர், 1893 இல் ஹோம்ஸைச் சாகடித்தார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். பத்து வருடத்தின் பின், 1903 இல், ஹோம்ஸ் சாகவில்லை என்று எழுத வேண்டி வந்தது.

அந்த 1903 இல்தான் இங்கிலாந்தின் கிரேட் வைர்லி என்ற கிராமத்தில் குதிரைகளையும் மாடுகளையும் யாரோ இரவில் வயிற்றைக் கிழித்துப் போட்டார்கள். அங்கே மதகுருவாக இருந்தவர் கிறிஸ்தவராக மாறிய பம்பாய்ப் பார்சி. மனைவி ஆங்கிலேயப் பெண். அவர்களுடைய மகன் ஜோர்ஜ் எடல்ஜி ஒரு சட்டத்தரணி. அந்தக் குடும்பத்தைத் திட்டி மொட்டைக் கடிதங்கள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தன. பொலிஸார் மகனையே பிடித்தார்கள். அன்றிரவு அவன் தன்னுடைய அறையில்தான் தூங்கினான் என்று தகப்பன் சாட்சி சொன்னது எடுபடவில்லை. ஏழு வருடச் சிறை. அவன் பூட்டப்பட்ட பிறகும் மிருகங்கள் வெட்டப்பட்டன. மூன்று வருடத்தில் காரணம் சொல்லாமல் விட்டார்கள். ஆனால் குற்றவாளி என்ற பெயர் போகவில்லை. தொழிலும் செய்ய முடியவில்லை.

எடல்ஜி டொயிலுக்கு எழுதினார். 1907 ஜனவரியில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் சந்திக்க ஏற்பாடானது. டொயில் பிந்தித்தான் வந்தார். எடல்ஜி பத்திரிகையைக் கண்ணுக்கு மிக அருகில், சற்றுச் சரித்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். நோயாளியே வராத அந்தக் கண் வைத்தியருக்கு அது போதுமாயிருந்தது. இவ்வளவு பார்வைக் குறைவுள்ள ஒருவர் மழை இரவில் வயல்களையும் ரயில் பாதைகளையும் கடந்து போய் ஒரு மட்டக்குதிரையை வெட்டியிருப்பாரா? கண் நிபுணர் ஒருவரின் பரிசோதனையும் அதையே காட்டியது. டொயில் அந்தக் கிராமத்துக்கே போய்ப் பார்த்தார். பிறகு டெய்லி டெலிகிராப் பத்திரிகையில் நீண்ட கட்டுரைகள் எழுதினார். யாரும் மறுபதிப்புச் செய்யலாம், பணம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். நிறத்தைப் பார்த்து வந்த சந்தேகமே எடல்ஜியைச் சிறைக்கு அனுப்பியது என்று ஒளிக்காமல் சொன்னார்.

அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. அதிலும் முழு மனது இல்லை: மிருகங்களை வெட்டியதில் குற்றமில்லை, ஆனால் மொட்டைக் கடிதங்களை எழுதியவர் அவரே, ஆகவே நட்டஈடு கிடையாது என்றது. தம் வீட்டாரையே திட்டித் தாமே கடிதம் எழுதினாராம்! எனினும் இந்த வழக்கு எழுப்பிய சத்தமும் சேர்ந்து, இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1907 இல் சட்டமாகியது. அதுவரை இப்படித் தண்டிக்கப்பட்டவருக்கு முறையிட ஒழுங்கான இடமே இருக்கவில்லை.

டொயிலை நான் முழுவதும் மெச்சவில்லை. உண்மைக் குற்றவாளி இன்னார் என்று போதிய சான்றில்லாமல் வேறொரு இளைஞனை அவர் காட்டினார். எடல்ஜிக்கு நடந்ததும் அதுதானே? 1920 இல் இரண்டு பிள்ளைகள் எடுத்த தேவதைப் படங்களையும் உண்மையென்று நம்பினார். அவை கடதாசியில் வெட்டிய உருவங்கள். ஹோம்ஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது புதிய மர்மக் கதை ஒன்று கையில் வந்தால், யார் கொலைகாரன் என்று தேடுமுன், பொலிஸ் முதலில் யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று பார்க்கிறேன். நல்ல எழுத்தாளர் அந்த ஆளை இடையில் மறந்து விடுவதில்லை.

டொயில் மறக்கவில்லை. முதல் மனைவி இறந்த மறுவருடம், 1907 செப்டெம்பரில் அவர் மறுமணம் செய்தார். அந்த விருந்துக்கு அழைக்கப்பட்டு வந்தவர்களில் ஜோர்ஜ் எடல்ஜியும் ஒருவர். அந்த ஆண்டு முடியுமுன் அவருக்குச் சட்டத்தொழிலும் திரும்பக் கிடைத்தது.