தமிழை 'இன்ஸ்பெக்ட்' செய்த பாதிரியார்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம் நண்பர்களே. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக, சீனியர்கள் விட்டுப் போன ஒரு பழைய டேட்டாபேஸ் உங்கள் கைக்கு வருகிறது. டாக்குமென்ட் எதுவும் கிடையாது. எழுதியவருக்கு வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். மெசேஜ் போட்டால் ப்ளூ டிக் மட்டும்தான் வருது. இப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?

நம்மில் பாதிப்பேர் உத்தேசமாக மாடல் கிளாஸ் எழுதி ரன் பண்ணிப் பார்ப்போம். எரர் வந்தால் திருத்துவோம். எரர் வந்தால்கூடப் பரவாயில்லை. எரரே வராமல், தப்பான டேட்டா தப்பான இடத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்வதுதான் ஆபத்து.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் டேட்டாபேஸையே கேட்பார்கள். பைத்தானில் எஸ்க்யூஎல்-ஆல்கெமி என்ற ஓஆர்எம் இருக்கிறது இல்லையா, அதில் இன்ஸ்பெக்டர் என்று ஒன்று உண்டு. என்னென்ன டேபிள், ஒவ்வொன்றிலும் என்னென்ன நெடுவரிசை, அதன் டைப் என்ன, காலியாக விடலாமா, ப்ரைமரி கீ எது, எந்த டேபிள் எதைச் சுட்டுகிறது என்று அத்தனையும் சொல்லிவிடும். ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்-டிபி என்ற கட்டளை, இருக்கிற டேபிள்களைப் படித்து மாடல்களையே எழுதித் தந்துவிடும். முதலில் பார், பிறகு எழுது. அவ்வளவுதான் விஷயம்.

இதே வேலையை, ஒரு மொழிக்கு, ஏறக்குறைய 475 வருஷத்துக்கு முன்னால் செய்தவர் நம்ம முத்துக்குளித்துறையில் வாழ்ந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல் பக்கத்து ஆளாக இருந்தால் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழில் அண்டிரிக்கு அடிகளார். தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் 50 வருஷத்துக்கு மேலான உழைப்பு இருக்கிறது.

1520-ல் போர்ச்சுகல் நாட்டின் வில்லா விசோசா என்ற ஊரில் பிறந்தார். யூத வம்சாவளி. அந்தக் காலத்துப் போர்ச்சுகலில் அது ஒரு அழிக்க முடியாத முத்திரை. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவரை, பிறப்பைக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள். கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545-ல் இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருஷம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 27.

அவர் வந்த இடம் எப்படி இருந்தது? கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை நீளும் கடற்கரை. முத்துக்குளிப்பும் மீன்பிடிப்பும் தொழில். 1530-களின் நடுவிலேயே இந்தக் கரையின் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் மொழியில் சொல்லித்தர ஆள் இல்லை. 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார், கொஞ்சம் போர்ச்சுகீசு தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்.

இங்கேதான் அந்த 'எரர் வராத எரர்' நடந்தது. நான் நம்புகிறேன் என்று சொல்லவேண்டிய விசுவாச அறிக்கையில், 'வேணும்' என்ற சொல் வந்துவிட்டது. நம்புகிறேன் என்பதற்குப் பதில் எனக்கு வேண்டும் என்று ஊரே சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. வாக்கியம் பார்க்கச் சரியாக இருக்கிறது, சொல்லவும் வருகிறது, யாரும் தடுக்கவில்லை. டைப் பொருந்துகிறது, பொருள்தான் தப்பு. பிறகு சவேரியாரே அதைக் கண்டுபிடித்து, 1544-ல் தன் உடன் ஊழியர் மன்சில்யாசுக்குக் கடிதம் எழுதி, அந்த இடத்தில் விசுவாசம் என்ற சொல்லைப் போடச் சொன்னார்.

ஒரு பிழையைத் திருத்தலாம். ஆனால் கட்டமைப்பே தெரியாமல் மொழிபெயர்த்தால் இன்னும் எத்தனை பிழை எங்கெங்கே ஒளிந்திருக்கும்? ஹென்றிக்கஸ் எடுத்துக்கொண்ட வேலை அதுதான். முதல் மாதங்கள் திணறல். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு வார்த்தை நகராது. அப்புறம் அவர் வழியை மாற்றினார். வாக்கியங்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, மொழியின் அட்டவணைகளைத் தேட ஆரம்பித்தார். ஒரு வினைச்சொல் என்னென்ன வடிவம் எடுக்கிறது? ஒரு பெயர்ச்சொல்லின் வாலில் என்னென்ன ஒட்டுகிறது? கேட்டு, எழுதி, வரிசைப்படுத்தினார். விரைவிலேயே மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமல் பேசவும் ஆரம்பித்தார். 1549 வாக்கில் அந்தக் குறிப்புகள் ஒரு இலக்கண நூலாக உருவெடுத்திருந்தன. போர்ச்சுகீசு மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் அது. 'மலபார் மொழியின் கலை' என்ற பொருளில் தலைப்பு. தமிழை அப்போது அவர்கள் மலபார் மொழி என்றுதான் அழைத்தார்கள்.

தமிழுக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் இருந்தனவே, பிறகு எதற்கு இன்னொரு இலக்கணம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை செய்யுள் வழக்குக்கும் புலவர்களுக்குமான ஆவணங்கள். ஹென்றிக்கஸுக்குத் தேவைப்பட்டது, புன்னைக்காயல் கரையில் வலை காயப்போடுகிறவர் அன்றைக்குப் பேசிய தமிழ். டாக்குமென்டில் இருக்கும் ஸ்கீமா வேறு, சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கீமா வேறு என்று நமக்குத் தெரியாதா என்ன? அவர் ஓடுகிற தமிழை இன்ஸ்பெக்ட் செய்தார். அதனால்தான் 16-ஆம் நூற்றாண்டின் கடற்கரைப் பேச்சுத்தமிழை அறிய இன்றைக்கு மொழியியலாளர்கள் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால் எந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்? லத்தீன் கண்ணாடி. லத்தீன் இலக்கணம் தெரிந்தவருக்குத்தான் இந்த நூல் எளிதில் புரியும், தெரியாதவர்கள் ஜுவாவ் தெ பாரோசின் போர்ச்சுகீசு இலக்கணத்தையாவது முதலில் படிக்கட்டும் என்று அவரே வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். ஓஆர்எம் செய்வதும் இதுதானே? ஒரு பக்கம் டேபிள்கள், இன்னொரு பக்கம் நம்ம ஆப்ஜெக்ட்கள். இரண்டும் வேறு வேறு உலகம். ஒன்றை இன்னொன்றின் சட்டத்துக்குள் வைத்துக் காட்டுவதுதான் மேப்பரின் வேலை. அந்தச் சட்டத்தில் எது பொருந்தவில்லை என்று பார்ப்பது நம்ம வேலை.

லத்தீனுக்கும் தமிழுக்கும் நடுவில் எங்கெல்லாம் இடிக்கும் என்று பாருங்கள். லத்தீன் இலக்கணத்தில் வழக்கமாகச் சொல்லும் வேற்றுமை 6. நன்னூல் கணக்கில் 8. 'அவனோடு' என்பதில் வரும் ஓடு உருபுக்கு லத்தீனில் தனி வேற்றுமையே கிடையாது. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். லத்தீனில் மேசைக்கான சொல் பெண்பால். தமிழில் மேசை பேசாமல் அஃறிணையில் கிடக்கும். நமக்குத் திணைதான் முதல் கேள்வி.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. லத்தீனில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு. கேட்பவரையும் சேர்த்தா, விட்டுவிட்டா? ஒரே நெடுவரிசையில் இருந்த மதிப்பை இரண்டு நெடுவரிசையில் பிரித்துப் போட வேண்டிய நிலை. கடவுளைப் பார்த்துத் தந்தையே என்று அழைக்கும் ஜெபத்தில் 'நம்' என்று போட்டால், கடவுளுக்கும் சேர்த்து அப்பா தேடியதாக ஆகிவிடும்! அங்கே 'எங்கள்' என்றுதான் வர வேண்டும். இந்த வித்தியாசத்தை லத்தீன் மூலத்தை எத்தனை தடவை படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் பேசுகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜாங்கோவின் இன்ஸ்பெக்ட்-டிபி இந்த விஷயத்தில் ரொம்ப நேர்மையான கருவி. ஒரு நெடுவரிசையின் டைப் அதற்குப் புரியவில்லை என்றால், பொதுவான டெக்ஸ்ட் டைப்பைப் போட்டுவிட்டு, இது என் ஊகம் என்று பக்கத்திலேயே கமென்ட் எழுதிவிடும். நெடுவரிசையின் பெயர் 'கிளாஸ்' என்று இருந்தால், அது பைத்தானின் சொந்தச் சொல் என்பதால், பின்னால் ஒரு ஒட்டு சேர்த்துப் பெயரையே மாற்றிக்கொள்ளும். வெளியே வரும் ஃபைல் ஆரம்பம்தான், முடிவல்ல. உட்கார்ந்து கையால் திருத்த வேண்டும். ஹென்றிக்கஸின் மீதி வாழ்க்கை முழுக்க இந்தத் திருத்தம்தான்.

அதுவும் அமைதியான சூழலில் இல்லை. 1549-ல் இந்தக் கரையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அந்தோணியோ கிரிமினாலி, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் கொல்லப்பட்டார். பொறுப்பு ஹென்றிக்கஸின் தலையில் விழுந்தது. 1576 வரை அதைச் சுமந்தார். கிராமம் கிராமமாக அலைந்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். அதற்கு நடுவில் எழுத்து வேலையும் நிற்கவில்லை.

1578 அக்டோபர் 20. கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. வெறும் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம். 1554-லேயே லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது, ஆனால் அது ரோமன் எழுத்தில். இப்போது நாம் வாட்ஸ்அப்பில் டைப் பண்ணுவோமே, அந்த மாதிரி. கொல்லத்தில்தான் தமிழ் தன் எழுத்திலேயே காகிதத்தில் ஏறியது. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலுக்கு அடியில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு. அடுத்த வருஷம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586-ல் புனிதர்களின் வரலாற்றைச் சொல்லும் 'அடியார் வரலாறு'. இது பல நூறு பக்கங்கள் கொண்ட பெரிய புத்தகம். வந்த புதிதில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாய் திறக்க முடியாதவர் எழுதியது.

1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பிறப்பைச் சொல்லி ஒரு சபை வெளியே தள்ளிய மனிதர், 53 வருஷம் இந்தக் கரையிலேயே இருந்து இங்கேயே மண்ணானார்.

அவர் எழுதிய இலக்கணத்துக்கு மட்டும் அச்சு வாய்ப்பு அவர் காலத்தில் கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதியாக லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. ஹான்ஸ் வெர்மீர் 1982-ல் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் வந்தது. ஒருத்தர் ஒழுங்காக இன்ஸ்பெக்ட் செய்து எழுதி வைத்தால், நாலு நூற்றாண்டு கழித்தும் அது இன்னொருத்தருக்கு உதவும்.

இன்னொரு சுவாரசியம். வீட்டைப் பூட்டும் 'சாவி' போர்ச்சுகீசுச் சொல். ஜன்னலும் அலமாரியும்கூட அப்படித்தான். அவர்கள் நம் மொழிக்குள் வந்து பார்த்தார்கள். போகும்போது கீயை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்!

சரி, உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். இன்று ராத்திரி மாடல் எழுதும் முன்னால் இன்ஸ்பெக்டரை ஒருமுறை ஓடவிடுங்கள். வருகிற லிஸ்ட்டை அப்படியே நம்பாதீர்கள். பொருந்தாத இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த டேபிளைத் தினமும் பயன்படுத்துகிற ஆபீஸ் அக்காவிடமோ லேப் அண்ணனிடமோ போய், இந்த நெடுவரிசையில் நீங்க உண்மையிலேயே எதைப் போடுறீங்க என்று கேளுங்கள். 'வேணும்' எங்கே, 'விசுவாசம்' எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும்.